பார்ட்ஸ் வண்டியைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அன்பின் குழுவினருக்கு வணக்கம்.

எனக்கு ஒரு சொல் வேண்டும். அதற்கு முன் கொஞ்சம் கதை கேட்க வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது மொன்றியலில். கிழக்கே ஒன்றரை மணி நேரம் ஓடினால் வல்கூர் என்ற சிற்றூர் வரும். பனிமேல் ஓடுகிற ஸ்கி-டூ (ஸ்னோமொபைல்) வண்டி பிறந்த ஊர். அங்கே கராஜ் வைத்திருந்த யோசெப்-ஆர்மண்ட் பொம்பார்டியே என்பவருடைய இரண்டு வயது மகன் 1934 குளிர்காலத்தில் நோயில் விழுந்தான். ரோட்டெல்லாம் பனி மூடிக் கிடந்ததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை. பிள்ளை இறந்துவிட்டது. பல்சில்லும் றப்பர் பட்டையும் சேர்ந்த ஓட்டமுறைக்கு அவர் காப்புரிமை வாங்கியது 1937-இல். முதலில் செய்ததெல்லாம் ஏழு பேர், பன்னிரண்டு பேர் ஏறும் பெரிய பனி வண்டிகள். மோட்டார் சைக்கிள் மாதிரி ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற சின்ன ஸ்கி-டூ 1959-இல்தான் வந்தது.

என்னிடம் இருப்பது ஸ்கி-டூவில் எலான் என்ற மாடல், 1973-ஆம் ஆண்டுடையது. ஒற்றைச் சிலிண்டர், 247 சிசி ரோட்டாக்ஸ் எஞ்சின், மஞ்சள் மூடி. சரியாகச் சொன்னால் ஒன்றில்லை, ஒன்றரை. முழுதாக இருந்த ஒன்றை முதலில் வாங்கினேன். அதன் றப்பர் பட்டை வெடித்துப் போயிருந்ததால், பட்டைக்காகவே இன்னொன்றை வாங்கினேன். அந்த இரண்டாவதில் எஞ்சின் இல்லை, மூடி இல்லை, இருக்கை இல்லை, முன்னால் சறுக்குக் கட்டைகளும் இல்லை. யாரோ வேண்டியதையெல்லாம் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டிலுக்குப் பின்னால் போட்டிருந்தார்கள். இங்கே இதைப் பார்ட்ஸ் மெஷின் என்பார்கள். பிரெஞ்சு விளம்பரங்களில் ‘பூர் பியெஸ்’, அதாவது பாகங்களுக்காக, என்று இரண்டே சொல்.

சிக்கல் என்னவென்றால், முழு வண்டியைப் பிரித்துப் பார்த்தபோது அதன் சட்டம் வளைந்து, ஒட்டிய இடங்களில் வெடித்திருந்தது. மூடியைத் திறக்காமல் பார்த்தால் தெரியாது. பார்ட்ஸ் வண்டியின் சட்டமோ மேலே துருவே தவிர நேராக இருக்கிறது. ஆகவே இப்போது முழு வண்டியின் எஞ்சினையும் மூடியையும் சறுக்குக் கட்டைகளையும் பார்ட்ஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். கொடுக்க வந்தது வாங்குகிறது. வேலைக் குறிப்புகளை ஆரம்பத்திலிருந்து தமிழில்தான் எழுதுகிறேன், ‘பார்ட்ஸ் வண்டி’ என்று எழுதிய இடமெல்லாம் இப்போது எனக்கே குழப்பம்.

இதற்கு என்ன சொல் போடலாம்?

மொன்றியலிலிருந்து,
கை நிறையக் கிரீஸோடு

* * *

அன்புள்ள மொன்றியல் நண்பருக்கு,

பாலிடெக்னிக்கில் பட்டறை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். ‘உதிரிவண்டி’ என்று வைத்துவிடலாம். உதிரிப்பாகம் என்ற சொல் எல்லோர் வாயிலும் இருக்கிறது. அது எதிலிருந்து வருகிறதோ அது உதிரிவண்டி. கொஞ்சம் அழகு வேண்டுமென்றால் ‘கொடைவண்டி’. குருதிக்கொடை, உறுப்புக்கொடை மாதிரி.

பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற சென்னை புதுப்பேட்டையில் இதற்கெல்லாம் பேர் கிடையாது. ‘பிரிச்ச வண்டி’ என்பான், வேலை முடிந்தது. ஆனால் அதைக் கலைச்சொல் என்று எழுத முடியுமா, தெரியவில்லை.

கோவையிலிருந்து

* * *

ஐயா, உதிரிவண்டி என்றால் எனக்கு ஸ்டெப்னிதான் ஞாபகம் வருகிறது. ஒன்று பழுதானால் எடுத்து ஓட்ட இன்னொன்று என்று படிப்பவர் நினைப்பார். கொடைவண்டி இன்னும் மோசம். ‘பள்ளிக்கு ஒரு கொடைவண்டி வழங்கப்பட்டது’ என்று நாளிதழில் போடலாம்போல் இருக்கிறது. அதோடு கொடை என்றால் கொடுப்பவருக்கு விருப்பம் இருக்க வேண்டாமா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் செய்கிற வேலையைப் ‘புதுப்பித்தல்’ என்று எழுதாதீர்கள். மொழிபெயர்ப்பில் தினமும் இதோடு மல்லுக்கட்டுகிறேன். புதுப்பித்தல் என்றால் பழையதை மாற்றிப் புதிதாக்குவது, குளியலறைக்கு டைல்ஸ் போடுகிற மாதிரி. நீங்கள் 1973-இல் எப்படி இருந்ததோ அப்படிக் கொண்டுவரப் பார்க்கிறீர்கள். அதற்கு ‘மீட்டெடுத்தல்’ சரியாக இருக்கும். அடகு வைத்த நகையை மீட்கிறோம் இல்லையா, புதுச் சங்கிலி வாங்குவதில்லையே.

ஸ்னோமொபைலுக்கும் இதே மூச்சில் ஒரு சொல் வைத்துவிடலாமா? பனியூர்தி?

சென்னையிலிருந்து, தங்கை

* * *

தங்கைக்கும் ஐயாவுக்கும் நன்றி.

மீட்டெடுத்தல் எனக்குப் பிடித்துவிட்டது, குறிப்பேட்டில் மாற்றிவிட்டேன். பனியூர்தி வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஊரில் பனி என்றால் மார்கழி விடியலில் புல்லில் நிற்பது. இங்கே முழங்கால் வரை கிடப்பதை எங்கள் ஆட்கள் யாரும் வாய்ப்பேச்சில் பனி என்று சொல்வதில்லை, ‘ஸ்னோ கொட்டுது’ என்பார்கள். இந்த வண்டிக்குப் பெயர் வைத்தவர்களும் ஒன்றும் இலக்கணம் பார்த்து வைக்கவில்லை. இழுவை நாய்களுக்குப் பதிலாக வருவதால் ஸ்கி-டாக் என்று வைக்க நினைத்தார்களாம், அச்சில் தவறி ஸ்கி-டூ ஆனதாம் என்று ஒரு கதை உண்டு. வடக்கே இனுயிட் மக்கள் அந்தப் பெயரையே எடுத்துத் தங்கள் நாக்குக்கு வளைத்து சிக்கிடூ என்கிறார்கள். ஃபின்லாந்துக்காரர் மோட்டார் சறுக்குவண்டி என்ற பொருளில் தங்கள் சொல்லைக் கட்டிக்கொண்டார்கள். இரண்டும் நன்றாகத்தான் ஓடுகின்றன. என் கட்சி: கடையில் வாங்குகிற பொருளின் பெயரைக் கடன் வாங்கலாம். அதை வைத்து நாம் கையால் செய்கிற வேலைக்குக் கடன் வாங்கக் கூடாது, ஏனென்றால் அந்த வேலைக்கு நம்மிடம் சொல் இல்லாமல் இருக்கவே முடியாது.

அந்த நம்பிக்கையில் யாழ்ப்பாணத்திலிருக்கும் சித்தப்பாவுக்குப் போன் எடுத்தேன். வாழ்நாளெல்லாம் மொரிஸ் மைனரும் ஒஸ்ரினும் திருத்தியவர். சண்டைக் காலத்தில் குடாநாட்டுக்குப் பெற்றோலும் வராது, உதிரிப்பாகமும் வராது. சூப்பிப் போத்தலால் காபரேற்றருக்குள் இரண்டு சொட்டுப் பெற்றோல் பீச்சி, எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய காலம். ஒரு கார் ஓட இன்னொரு காரைப் பிரிக்காமல் வழியே இல்லை. அந்தக் காரை என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்டேன்.

“அதென்ன, கழட்டுற கார் எண்டுதான்.”

எல்லாம் கழற்றி முடிந்த பிறகு?

“பிறகென்ன, கோது.”

முட்டைக்கோது, புளியங்கோது மாதிரி. மனுஷன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

இங்கேயும் நிலைமை வேறில்லை. 1970-களின் தொடக்கத்தில் வட அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்ட கம்பனிகள் இந்த வண்டியைச் செய்தன. பெற்றோல் விலை ஏறிய பிறகு பெரும்பாலானவை மூடிவிட்டன. அந்தப் பெயர்களில் ஒன்றை வைத்திருப்பவருக்குக் கழற்றுகிற வண்டி ஒன்றுதான் கடை. எனக்கு அந்தக் கஷ்டம் குறைவு, எலானை 1996 வரை செய்தார்கள்.

* * *

அண்ணா, சித்தப்பாவே முடித்துவிட்டார், நாம் ஒட்டுப்போட்டால் போதும். ‘கழற்றுகிற’ என்றால் நிகழ்காலம், ‘கழற்றிய’ என்றால் இறந்தகாலம். இரண்டையும் விட்டு வினைத்தொகையாக்கி ‘கழற்றுவண்டி’ என்று சொல்லுங்கள். குடிநீர் மாதிரி. குடித்த நீர், குடிக்கிற நீர், குடிக்கும் நீர் எல்லாம் அதற்குள் அடக்கம். கழற்றின வண்டி, கழற்றுகிற வண்டி, கழற்றப் போகிற வண்டி மூன்றும் ஒரே சொல்லில் வந்துவிடும். தொடப்படாமல் நிற்கிற பார்ட்ஸ் வண்டிக்கும் பொருந்தும்.

* * *

இலக்கணம் சரி. ஆனால் எங்கள் பக்கம் ‘கழட்டி விடுறது’ என்றால் காதலியைக் கைவிடுவது. மாணவர்கள் சிரிப்பார்கள். பரவாயில்லை, சிரித்த சொல் மறக்காது. மறை கழன்றவன்தானே ஐம்பது வருஷத்து வண்டியில் மறை கழற்றிக்கொண்டிருப்பான்.

கோது எனக்கு ஒப்பவில்லை. சாறு எடுத்த பிறகு துப்புகிற சக்கை அது. உங்கள் சட்டம் சக்கையா? அதை வைத்துத்தானே வண்டியே எழும்புகிறது. ‘கூடு’ என்று வையுங்கள். எலும்புக்கூடு இருக்கிறது, கூடு விட்டுக் கூடு பாய்வது இருக்கிறது. உங்கள் எஞ்சின் செய்திருப்பது அதைத்தானே.

கோவையிலிருந்து

* * *

அன்பின் எல்லோருக்கும்,

ஐயா சொன்ன பிறகு கராஜுக்குப் போய் அந்தச் சட்டத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வலப்பக்கத்தில் வண்டி இலக்கம் பொறித்திருக்கிறது. துருவைக் கம்பித் தூரிகையால் உரசி, சுண்ணக்கட்டித் தூளைத் தேய்த்தால் எண்கள் வெள்ளையாக எழும்பி வரும். பதிவுப் பத்திரம் இந்த இலக்கத்தைத்தான் பார்க்கும். எஞ்சின் யாருடையது, மூடி யாருடையது என்று கேட்காது. அப்படியென்றால் நான் மீட்டெடுப்பது இந்த வண்டியைத்தான், முழுதாக வாங்கியதை அல்ல. முழுதாக வந்ததுதான் இப்போது கழற்றுவண்டி. கோது என்று எழுதியிருந்தால் எனக்கே ஒரு நாள் அதை எடுத்து எறியத் தோன்றியிருக்கும்.

ஆகவே என் குறிப்பேட்டில் இப்படி: எதிலிருந்து கழற்றுகிறோமோ அது கழற்றுவண்டி. எல்லாம் கழன்ற பிறகு இலக்கத்தோடு நிற்பது கூடு. இலக்கமும் போய், வளைந்து வெடித்து, பழைய இரும்புக்குப் போகிறது கோது. சித்தப்பாவின் சொல்லை விட மனமில்லை, அதற்கும் ஓர் இடம் கொடுத்தாகிவிட்டது. கழற்றுவண்டி கடைசியில் கோதாகும், அல்லது என்னுடையது மாதிரி ஒன்று கூடாகி எழும்பும்.

வேலை எங்கே நிற்கிறது என்று ஐயா தனிமடலில் கேட்டிருந்தார். எஞ்சினின் இரண்டு பக்கத்துச் சுழல்தண்டு சீல்களும் இறுகிப் பிளாஸ்டிக்போல ஆகியிருந்தன. இரண்டு அடி (டூ-ஸ்ட்ரோக்) எஞ்சினில் அது வழியாகக் காற்றுப் புகுந்தால் பெற்றோல் கலவை மெலிந்து பிஸ்டன் தீய்ந்துவிடும். ஆகவே அதை மாற்றாமல் முறுக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன். போன சனிக்கிழமை மாற்றினேன். 20 பங்கு பெற்றோலுக்கு 1 பங்கு எண்ணெய் கலந்து, சித்தப்பா சொன்னபடி ஒரு சின்னப் போத்தலால் காபரேற்றர் வாய்க்குள் பீச்சி, கயிற்றை இழுத்தேன். ஒன்பதாவது இழுப்பில் மூன்று செக்கன் ஓடி நின்றது. கராஜ் முழுக்க நீலப்புகை. வீட்டுக்குள்ளிருந்து கதவு திறந்தது.

பெட்டிகளில் எல்லாம் டேப் ஒட்டிப் புதுச் சொற்களை எழுதி வைத்திருக்கிறேன். மனைவி வந்து ஒவ்வொன்றாக வாசித்தா. “கழற்றுறதுக்குப் பேர் வச்சாச்சு. எப்ப பூட்டுறதா உத்தேசம்?”

பூட்டுவது என்றால் தமிழ்நாட்டு நண்பர்களுக்குத் திண்டுக்கல் பூட்டு ஞாபகம் வரும். எங்களுக்குக் கழற்றியதைத் திரும்பச் சேர்ப்பது. ‘பொருத்துதல்’ என்று மாற்றச் சொல்லி யாராவது எழுதினால் சண்டைக்குத் தயாராக இருக்கிறேன்.