மரண வாக்குமூலமா, இறுதிக் கூற்றா? (சனிக்கிழமைக்குள் வேண்டும்)

சுங்கை சிப்புட், ஆசிரியை:
குழுவினருக்கு வணக்கம். சனிக்கிழமை இங்கே கோயில் மண்டபத்தில் சட்ட வகுப்பு. வருபவர்கள் பெரும்பாலும் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்த குடும்பங்கள். கொலையுண்டவர் சாகுமுன் சொன்னதைக் கோர்ட் சாட்சியமாக ஏற்பது பற்றி இரண்டு பக்கம் எழுதி, 'மரண வாக்குமூலம்' என்று தலைப்பிட்டேன். முப்பது வருசம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் பெரியம்மாவிடம் படித்துக் காட்டினால், "வாக்குமூலம்னா போலீஸ் எழுதி நம்மகிட்ட கையெழுத்து வாங்குறதாச்சே. உசிரு போறவன் எங்கேடி கையெழுத்து போடுவான்?" என்கிறார். வேறு சொல் உண்டா? வெள்ளி மாலை போட்டோஸ்டேட் கடை மூடுவதற்குள்.

தைப்பிங், ஓய்வுபெற்ற கோர்ட் மொழிபெயர்ப்பாளர்:
டீச்சர், பெரியம்மா பிடித்தது வாலை. எனக்குத் தலையிலேயே சந்தேகம்: 'மரண' என்ற அடை. இங்கிலாந்தின் பழைய விதிப்படி, சொன்னவர் பிழைக்கும் நம்பிக்கையை அறவே விட்டிருக்க வேண்டும். 1789-ஆம் ஆண்டு வுட்காக் வழக்கு அதற்குப் பெயர்போனது. சாகப்போகிறவன் பொய் சொல்ல மாட்டான் என்ற எண்ணம். நம் மலேசியாவின் 1950 சாட்சியச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு 1872 இந்தியச் சட்டத்தின் வார்ப்பு. சாவை எதிர்பார்த்துச் சொன்னாரா என்று அது கேட்பதே இல்லை. சொன்னது அவர் சாவின் காரணத்தையோ, சாவில் முடிந்த நிகழ்ச்சியின் சூழ்நிலையையோ பற்றியதாக இருந்தால் போதும். பகலா நாராயணசாமி வழக்கில் ஒருவர் வரவேண்டிய பணத்தை வாங்க பெர்ஹாம்பூர் போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். பூரி ரயில் நிலையத்தில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் பிணமாகக் கிடைத்தார். மனைவியிடம் சொன்ன அந்தப் பேச்சு சாட்சியமாகச் செல்லும் என்றது, அன்றைக்கு லண்டனில் இருந்த கடைசி அப்பீல் கோர்ட்டான பிரிவி கவுன்சில், 1939-இல். பணம் வாங்கப் போனவர் எந்த மரணத்தை நினைத்துப் பேசினார்?

கோலகங்சார், புலவர் ஐயா:
மரணம், வாக்கு, மூலம் மூன்றும் வடசொல். 'இறுதிக் கூற்று' என்க. கூறு என்பது பிளவு. கூறுதல், பொருளைப் பகுத்துச் சொல்லுதல். உடலையும் உயிரையும் கூறாக்குவதால் எமனும் கூற்று. வள்ளுவரும் அப்படித்தான் ஆள்கிறார். சொல்லும் சாவும் ஒரே வேரில் நிற்கும் மொழி வேறெது? அகப்பாட்டில் தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று...

தைப்பிங்:
ஐயா, அந்த வரிசையில் 'செத்தவன் கூற்று' என்றும் ஒரு துறை வகுத்துவிடலாம். 'இறுதி'யும் 'மரண'த்தின் தங்கைதானே? இன்னொன்று: 1885 அலகாபாத் வழக்கில் கழுத்து அறுபட்ட பெண்ணால் பேச முடியவில்லை. பெயர்களைச் சொல்லிச் சொல்லிக் கேட்க, கையை அசைத்தே பதில் சொன்னாள். அதுவும் சாட்சியமாக ஏற்கப்பட்டது. கையசைவு கூற்றாகுமா?

கோலகங்சார்:
ஆகும். பேசுவது வாய் மட்டும்தானா? 'கூத்து'க்கும் 'கூற்று'க்கும் உள்ள உறவை நாளை விரிவாக எழுதுகிறேன்.

ஈப்போ, நாளிதழ்க்காரர்:
வேண்டாம் ஐயா, டீச்சருக்கு நாளைதான் கெடு. 'மாண்டவர் கூற்று' என்றால் சட்டத்துக்கு நெருக்கம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செய்தியில் போட்டால் ஆவி பேசியதாக நினைப்பார்கள். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளும் 'மரண வாக்குமூலம்' என்றே எழுதுகின்றன. என் ஓட்டு பழையதற்கு.

சுங்கை சிப்புட்:
சரி. தலைப்பை அப்படியே விட்டுவிட்டேன். கீழே ஒரு வரி: 'இறந்துபோனவர் தன் சாவுக்கான காரணத்தைப் பற்றி முன்பே சொன்னது, எழுதியது, சைகையால் காட்டியது, அவர் கையெழுத்து தேவையில்லை, சாகப்போவது அவருக்குத் தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை.' பெரியம்மா கேட்டுவிட்டு, "அப்ப இதையே தலைப்பா போட வேண்டியதுதானே?" என்றார். இடம் இல்லை.

கோலகங்சார்:
என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். 'போட்டோஸ்டேட் கடை'க்கும் 'நகலகம்' என்று ஒரு சொல் உண்டு.