உள்ளூர்க் கலைகளை இணையத்தில் கூட்டாக முன்வைக்க எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி

நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் வட்டாரத்தில் ஒரு நாடகக் குழு, இரண்டு நாட்டார் இசைக் குழுக்கள், பழைய கட்டடங்களைப் படமெடுத்துவரும் இளைஞர்கள் என ஐந்தாறு சிறு குழுக்கள் இயங்குகின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியே ஃபேஸ்புக் பக்கமும் யூடியூப் சேனலும் வைத்திருப்பதால், ஒரே வாரத்தில் மூன்று நிகழ்ச்சிகள் நடந்தாலும் ஒன்றின் பார்வையாளருக்கு மற்றவை நடப்பதே தெரிவதில்லை. எல்லோரும் சேர்ந்து பொது இணையதளம் ஒன்றைத் தொடங்க எண்ணுகிறோம். முதலில் எதைச் செய்வது, கலைஞர்களின் உரிமையை எப்படிக் காப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1

இணையதளத்தைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, எல்லாக் குழுக்களும் திருத்தக்கூடிய பொது நாள்காட்டி ஒன்றை முதலில் தொடங்குங்கள். நாள், நேரம், இடம், கலைஞர் பெயர் ஆகியவற்றை எழுத்தாகவே தட்டச்சு செய்ய வேண்டும். அழகிய சுவரொட்டிப் படத்தை மட்டும் பதிவேற்றினால், அதிலுள்ள தேதி பெரும்பாலும் தேடலில் அகப்படாது. திரையிலுள்ள எழுத்தை உரக்கப் படிக்கும் திரைவாசிப்பான் மென்பொருளைப் பயன்படுத்தும் பார்வையற்றவருக்கும் அது வெறும் படமாகவே நின்றுவிடும். ஒரு குழுவின் நிகழ்ச்சியை மற்றக் குழுக்களும் தத்தம் பக்கங்களில் பகிர்வது என்று ஒப்புக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

மறுமொழி 2

உரிமை பற்றிக் கேட்டிருப்பதால் என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். முதிய கலைஞர் ஒருவர் பறையின் தோலைத் தீயில் காட்டிக் காட்டி, விரலால் தட்டி, ஒலி ஏறும்வரை பொறுமையாகக் காய்ச்சியதை ஒருமுறை படம்பிடித்து வெளியிட்டேன். அவருடைய பெயரை விளக்கக் குறிப்பில் மட்டுமே எழுதியிருந்தேன். யாரோ அதை அரை நிமிடத் துண்டாக வெட்டிப் பரப்பியபோது பெயர் போய்விட்டது. பல ஆயிரம் பேர் பார்த்த அந்தக் கைகள் யாருடையவை என்று ஒருவருக்கும் தெரியாது. அன்றுமுதல் பெயரைக் காட்சியின் மேலேயே பொறிக்கிறேன். தொகுத்து முடித்த காணொளியைக் கலைஞருக்குப் போட்டுக் காட்டிய பிறகே ஒப்புதல் கேட்கிறேன்.

கலை, சடங்கு போன்ற வாழும் மரபுகளைக் காப்பதற்கான யுனெஸ்கோவின் 2003ஆம் ஆண்டு உடன்படிக்கையும், மரபைப் பேணும் பணியில் அதைப் படைத்துக் கையளித்துவரும் சமூகங்கள் பங்கேற்க வேண்டும் என்றே 15ஆம் பிரிவில் சொல்கிறது. குறித்த நிபந்தனைகளோடு எவரும் படைப்பைப் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ஒன்றை வெளியிட்டபின் அந்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாது என்பதையும் கலைஞர்களுக்கு முன்கூட்டியே விளக்கிவிடுங்கள்.

மறுமொழி 3

மேலே நண்பர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே உரிமம் பொருந்தாது. கட்டடப் படங்களைத் தாராளமாகத் திறந்துவிடலாம். விக்கிப்பீடியா பயன்படுத்தும் படங்களின் பொதுக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸில் சேர்ப்பதானால், வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமத்தை அங்கே ஏற்பதில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். சடங்கோடு சேர்ந்த ஆட்டமோ பாட்டோ என்றால், அதை வெளியிடலாமா என்பதையே அந்தச் சமூகத்தார்தான் முடிவு செய்ய வேண்டும். குறிப்பிட்ட பருவத்தில் மட்டுமே கேட்கவோ பார்க்கவோ உரியது என்று அறிவிக்கும் மரபறிவுச் சீட்டுகளைத் தொல்குடிச் சமூகங்களுக்காக 'லோக்கல் கான்டெக்ஸ்ட்ஸ்' என்னும் அமைப்பு உருவாக்கியிருக்கிறது.

கட்டடங்களைப் பொறுத்தவரை, 2010இல் நெதர்லாந்தில் தொடங்கி மறு ஆண்டே ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பரவிய 'விக்கி லவ்ஸ் மானுமென்ட்ஸ்' புகைப்படப் போட்டியைப் பாருங்கள். நினைவுச்சின்னங்களின் பட்டியல் கையில் இருந்ததால், முன்பின் அறியாதவர்கள் எடுத்த படங்களும் பட்டியலில் அந்தந்தச் சின்னத்துக்குரிய எண்ணோடு இணைந்தன. உங்கள் இளைஞர்களும் பட்டியலிலிருந்து தொடங்கட்டும். மூலக் கோப்புகளையும் தனியே பத்திரப்படுத்துங்கள். யூடியூபில் இருப்பது சுருக்கப்பட்ட பிரதிதான்.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நாள்காட்டியை நாடகக் குழுவும், பட்டியலைப் படமெடுக்கும் இளைஞர்களும் ஏற்கலாம் என்று நினைக்கிறேன். ஏற்கெனவே வெளியிட்ட இசைக் காணொளிகள் பலவற்றில் வாசிப்பவரின் பெயரே இல்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன்; ஒவ்வொருவரிடமும் நேரில் போய்க் கேட்டு, பெயர் சேர்த்து மீண்டும் ஏற்றும் வேலையை நானே எடுத்துக்கொள்கிறேன்.