டேப்பட் (வால்வு இடைவெளி) செட் பண்ண ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற மெல்லிசு தகடு) மட்டும் போதுமா?

ஓ.டி. பையன்: 100 சிசி பைக், காலைல டிக் டிக்னு டேப்பட் சத்தம். மெக்கானிக் விரலால ஆட்டிப் பாத்தே செட் பண்றாரு, நாலே நாள்ல பழையபடி ஆயிடுது. நானே பண்ணலாம்னு இருக்கேன், கேஜ் மட்டும் போதுமாண்ணா?

முத்தியால்பேட்டை: போதாது தம்பி. அட்ஜஸ்டர் ஸ்க்ரூ பெரும்பாலும் சதுர தலையா இருக்கும், அதுக்குன்னே குட்டி சாவி இருக்கு, பிளேயர் போட்டா முனை மழுங்கிடும். நல்லா ஆறுன இன்ஜின்ல மேக்னட்ல (இன்ஜினோட சுத்துற சக்கரம்) இருக்குற டி மார்க்க கவர்ல இருக்குற குறிக்கு நேரா கொண்டாந்து ரெண்டு ராக்கரும் (வால்வ அமுக்குற கை) லேசா ஆடுதான்னு பாரு, ஆடலன்னா இன்னொரு முழு சுத்து சுத்து. இடைவெளி அளவு மேனுவல்ல இருக்கும். கேஜ் தகடு உள்ள இருக்கும்போதே லாக் நட்ட (ஸ்க்ரூவ அசையாம பிடிக்கிற நட்டு) டைட் பண்ணு, ஆனா ஸ்க்ரூவும் கூடவே திரும்பிடும், அதனால மறுபடி தகடு விட்டுப் பாரு, வெண்ணெய்ல கத்தி மாதிரி வழுக்கக்கூடாது, லேசா இழுக்கணும். சத்தம் போகணும்னு இறுக்கிடாத, வால்வு கருகிடும்.

பழைய புல்லட்டு: எங்களுக்கு கேஜே வேணாம்பா, புஷ்ராடு (ராக்கர தள்ளுற கம்பி) விரலுக்கு சுத்தணும், மேல கீழ ஆடக்கூடாது, அவ்ளோதான்.

ஓ.டி. பையன்: சரிண்ணா, அப்பாவோட கேஜ் ஒண்ணு இருக்கு, ஆனா ஹார்பர் உப்புக்காத்துல துரு பிடிச்சிருக்கு.

முத்தியால்பேட்டை: துரு ஏறுனா தகடே தடிப்பாயிடும், புதுசு வாங்கு, எண்ணெய் தடவி வை.