மறு: ஸ்ட்ரெஸ் ஹார்மோன் – மன அழுத்த இயக்குநீரா, நெருக்கீட்டு இயக்குநீரா?

> ‘மன அழுத்த இயக்குநீர்’ என்றே வைத்துக்கொள்ளலாமே. நாளிதழ்களில் பழகிப்போன சொல்தானே?

வணக்கம் ஐயா.

பழகிப்போனதுதான் சிக்கல். நாளிதழ்களில் ஸ்ட்ரெஸும் மன அழுத்தம், டிப்ரஷனும் மன அழுத்தம். ஸ்ட்ரெஸ் ஹார்மோன் எனப்படும் கார்ட்டிசால் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தேன். ‘நாட்பட்ட மன அழுத்தம் மன அழுத்தத்துக்கு வழிவகுக்கலாம்’ என்று வந்தது, அடித்துவிட்டேன். டிப்ரஷன் மருத்துவம் தேவைப்படும் நோய். அதையும் இதே பெயரால் அழைத்தால், ‘யாருக்குத்தான் இல்லை, ரெண்டு நாள் லீவு போடு’ என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இது வெறும் சொல் பிரச்சினையாகத் தெரியவில்லை.

‘மன’ என்ற முன்னொட்டும் பொருந்தாது. கார்ட்டிசால் கவலைக்கு மட்டுமா சுரக்கிறது? கடும் தொற்று, அறுவை சிகிச்சை, இரத்தப்போக்கு என எதற்கும் ஏறும். மூளையிலுள்ள ஹைபோதலாமஸ் அதன் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும், பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியைத் தூண்டும், அட்ரீனலின் புறணி (வெளிப்பகுதி) கார்ட்டிசாலைச் சுரக்கும். வேண்டிய அளவு சுரந்ததும் அதே கார்ட்டிசால் ஹைபோதலாமஸ், பிட்யூட்டரி இரண்டையும் அடக்க வேண்டும். கடும் மனச்சோர்வு (டிப்ரஷன்) உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு இந்த அடக்கம் சரியாக நடப்பதில்லை. 1981-இல் மனநல மருத்துவர் பெர்னார்ட் கேரல் குழுவினர் இதையே சோதனையாக முன்வைத்தார்கள்: இரவு 11 மணிக்கு 1 மி.கி. டெக்சாமெத்தசோன் (கார்ட்டிசால்போலவே அடக்கும் செயற்கை மருந்து), மறுநாளும் கார்ட்டிசால் தாழவில்லை என்றால் மெலன்கோலியா என்னும் கடுமையான வகை மனச்சோர்வாக இருக்கலாம். எல்லா நோயாளிகளிடமும் அப்படித் தெரியாததால் நோயறிய அது மட்டும் போதவில்லை. குஷிங் நோயைப் பாருங்கள். பிட்யூட்டரிக் கட்டியால் கார்ட்டிசால் மிகுந்து, பலருக்கு மனச்சோர்வும் கூடவே வருகிறது. அங்கே முந்தியது சுரப்பு.

இலங்கை உளவியல் எழுத்தில் ஸ்ட்ரெஸுக்கு ‘நெருக்கீடு’ வழங்குகிறது. உடலை நெருக்குவதற்கும் மனதை நெருக்குவதற்கும் அது பொருந்தும். பள்ளி இயற்பியலில் பிரஷர் ‘அழுத்தம்’, ஸ்ட்ரெஸ் ‘தகைவு’ என்று முன்பே பிரித்துவிட்டார்கள். தகைவையே எடுக்கலாமா என்றும் யோசித்தேன். ‘எனக்குத் தகைவாக இருக்கிறது’ என்று வாயில் வராது.

ஆகவே என் முன்மொழிவு: ஸ்ட்ரெஸ் – நெருக்கீடு, டிப்ரஷன் – மனச்சோர்வு, ஸ்ட்ரெஸ் ஹார்மோன் – நெருக்கீட்டு இயக்குநீர்.

ஒன்று மட்டும் எனக்குத் தீரவில்லை. கார்ட்டிசால் மேலே போய் அடக்குவதை ‘எதிர்மறைப் பின்னூட்டம்’ என்கிறோம். படிப்பவருக்கு அது யாரோ குறை சொன்னதுபோல் ஒலிக்கிறது. ‘அடக்குப் பின்னூட்டம்’ என்றால் ஏற்பீர்களா?