புதுப்பிப்பு: ப்ரிஸ்மாட்டிக் எவல்யூஷன்ஸ் மறுஅச்சு பற்றிய என் கணிப்பு

2025 ஜனவரி 17 அன்று வெளிவந்த போக்கிமான் விளையாட்டு அட்டைத் தொகுப்பான ப்ரிஸ்மாட்டிக் எவல்யூஷன்ஸ் கடைகளில் உடனே தீர்ந்துபோனபோது, அதை வேண்டுமென்றே குறைவாக அச்சிட்டிருக்கிறார்கள் என்று இந்த இழையில் எழுதியிருந்தேன். அந்தக் கணிப்பைத் திரும்பப் பெறுகிறேன். முழுத் திறனுடன் மறுஅச்சு நடப்பதாகப் போக்கிமான் நிறுவனமே அறிவித்தது. மார்ச் 7 அன்று ஆறு அட்டைப் பொதிகள் அடங்கிய பூஸ்டர் பண்டில் என்ற பெட்டியும் வந்தது. 2025 மார்ச்சில் முடிந்த ஓராண்டில் எல்லாத் தொகுப்புகளையும் சேர்த்துச் சுமார் 1,020 கோடி போக்கிமான் அட்டைகள் அச்சாகியிருக்கும்போது, இத்தொகுப்பின் நாயகனான ஈவி என்ற போக்கிமானின் எட்டுப் பரிணாமங்கள் மீதுள்ள மோகமும் மறுவிற்பனையாளர்களின் பதுக்கலுமே தட்டுப்பாட்டுக்குக் காரணம் என்று இப்போது கருதுகிறேன். மறுஅச்சுப் பொதியொன்றைப் பிரித்து, மாஸ்டர் பால் (போக்கிமானைப் பிடிக்கும் பந்து) வடிவங்கள் மினுங்கும் அட்டைகளைக் கடை விலையிலேயே கண்டபோது மனம் நிறைந்தது. பிரிக்காத பெட்டிக்கு இருமடங்கு விலை கொடுக்க நினைப்பவர்கள் தயவுசெய்து சற்றுப் பொறுத்திருங்கள்.