‘மறு’ ஒட்டினால் போதுமா? ஓய்ந்த ஊர்திகளும் கழற்றிய உதிரிகளும்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

வாகனக் கழிவு குறித்த ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் நாம் தொகுக்கும் சொற்பட்டியலுக்கு இதுவரை வந்த பரிந்துரைகளைப் படித்தேன். மறுபயன்பாடு, மறுசுழற்சி, மறுமீட்பு, மறுஉற்பத்தி, மறுசீராக்கம். ஐந்து பிள்ளைகளுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டு வாசலில் நின்று கூப்பிடுவது போலிருக்கிறது.

இதில் பொருளே கெடுகிற இடம் உண்டு. வாகனக் கழிவு பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000ஆம் ஆண்டு நெறியாணை, 2015 முதல் இரண்டு அளவுகளைக் கேட்கிறது. வண்டியின் சராசரி எடையில் 85 விழுக்காடு மறுபயன்பாட்டுக்கோ மறுசுழற்சிக்கோ போக வேண்டும். மறுபயன்பாடும் ‘ரிகவரி’யும் (கழிவிலிருந்து ஏதேனும் ஒரு பயனைப் பெறுவது; மறுசுழற்சியும் இதில் அடக்கம்) சேர்ந்து 95 விழுக்காட்டை எட்ட வேண்டும். நடுவிலுள்ள பத்து எங்கே போகிறது? உலைக்குப் போகலாம். கழிவை எரித்து வெப்பத்தைப் பயன்படுத்துவதும் ரிகவரிதான். மறுசுழற்சிக் கணக்கில் அது சேராது. இரண்டையும் மறுசுழற்சி என்றே பெயர்த்துவிட்டால், ஒரே சட்டம் ஒரே வேலைக்கு இரண்டு இலக்கு வைத்திருப்பதாகத் தோன்றும். எனவே ரிகவரிக்குப் ‘பயன்மீட்பு’ என்று எழுதலாம். மறுபயன்பாடும் மறுசுழற்சியும் ஊன்றிவிட்ட சொற்கள். அவற்றைப் பிடுங்க வேண்டாம். ஆனால் எல்லையை வரையறுத்து வைக்க வேண்டும்.

அந்த ஆணையின்படி, ஒரு பாகம் எதற்காக உருவாக்கப்பட்டதோ அதே வேலைக்கு மீண்டும் போனால்தான் மறுபயன்பாடு. கார் இருக்கையைக் கழற்றி வீட்டுக் கூடத்தில் சோபாவாகப் போட்டுக்கொண்டால் அந்தக் கணக்கில் வராது. புகைக்குழாயில் நச்சுப்புகையைக் குறைக்கும் வினையூக்க மாற்றியைப் பாருங்கள். 2005ஆம் ஆண்டின் இன்னொரு ஐரோப்பிய ஆணை, புதிய வண்டிகளில் மறுபடி பொருத்தக் கூடாத பாகங்களின் பட்டியலில் காற்றுப்பை, இருக்கைப் பட்டை ஆகியவற்றோடு இதையும் சேர்த்திருக்கிறது. ஆனால் உள்ளே பிளாட்டினம், பலேடியம், ரோடியம் இருப்பதால் பிரிப்பவர்கள் இதைத் தேடிக் கழற்றுகிறார்கள். பாகமாக அதற்கு வேலை முடிந்தது. உலோகமாக விலை உண்டு. இந்த வேறுபாட்டைச் சொல்லத் தெரியாத கலைச்சொல் எதற்கு?

இப்போது உதிரிக்கு வருகிறேன். பழைய வண்டியிலிருந்து எடுத்து, சோதித்து, அப்படியே விற்கும் கதவு ஒன்று. பிரித்து, தேய்ந்ததை மாற்றி, அளவு சரிபார்த்து, புதியதன் தரத்துக்குக் கொண்டுவந்த ஸ்டார்ட்டர் மோட்டார் இன்னொன்று. இரண்டையும் ‘மறு உதிரி’ என்றால் வாங்குபவர் ஏமாறுவார். (‘மறு’வுக்குக் குற்றம், களங்கம் என்ற பொருளும் உண்டு. விற்பவர் அதை விரும்பமாட்டார்.) முதல் வகைக்குக் ‘கழற்றிய உதிரி’, இரண்டாவதற்குப் ‘புதுக்கிய உதிரி’. புதுக்குதல் நம்மிடம் ஏற்கெனவே உள்ள வினை. பழையதைப் புதியதாக்குவதுதான் அதன் வேலை. வினைத்தொகையாக்கிக் ‘கழற்றுதிரி’ என்று சுருக்கிப் பார்த்தேன். கழற்றும் விளக்குத்திரியோ என்று யாராவது கேட்பார்கள். இரண்டு சொல்லாகவே இருக்கட்டும்.

கழிவாகிப் பிரிக்கப்போகும் வண்டிக்கே என்ன பெயர்? ‘காலாவதி வாகனம்’ தேதியை நினைவூட்டுகிறது. ‘ஆயுள் முடிந்த வாகனம்’ மூப்பை நினைவூட்டுகிறது. வாங்கிய மறு மாதமே மோதி நொறுங்கிய வண்டியும் இந்த வகைதானே! ‘கழிவூர்தி’ என்றால் குப்பை அள்ளும் லாரி வந்து நிற்கும். என் பரிந்துரை ‘ஓய்ந்த ஊர்தி’. மூப்பாலோ மோதலாலோ, ஓட்டம் நின்றது என்பது மட்டும் அதில் இருக்கிறது.

அன்புடன்.

*

ஐயா, வணக்கம்.

புதுக்கிய உதிரியை மனமார ஏற்கிறேன். ‘ஓய்ந்த ஊர்தி’யில் ஐயம். ஓய்ந்த மழை மறுபடி பெய்யும். ஓய்ந்த ஊர்தி மறுபடி ஓடுமோ என்று படிப்பவர் நினைக்கலாம். நான் ‘கைகழுவிய வண்டி’ என்று விளையாட்டாகச் சொல்லிப் பார்த்தேன். வீட்டில் சிரித்தார்கள்.

இன்னொன்று. மின்காரின் மின்கலத் தொகுதி கொள்ளளவு குறைந்து வண்டிக்கு உதவாமல் போனபின், சூரிய மின்சாரத்தைச் சேமித்து வைக்க ஓரிடத்தில் நிலையாக நிறுத்தப்படுகிறது. உங்கள் வரையறைப்படி அது மறுபயன்பாடும் ஆகாது, உருக்கிப் பிரிக்காததால் மறுசுழற்சியும் ஆகாது. சோபாவான இருக்கையைத் துரத்திவிட்டீர்கள். அதுவும் இதுவும் தெருவில் நிற்கின்றன. இரண்டுக்கும் ‘வேற்றுப்பயன்பாடு’ என்று ஒரு திண்ணை கட்டிக் கொடுக்கலாமா?

வண்டியைத் துண்டாக்கும் ஷ்ரெட்டருக்கு என் பரிந்துரை ‘துருவி’. தேங்காய் துருவிய எந்தக் கைக்கும் புரியும்.

*

அம்மா, வேற்றுப்பயன்பாடு அருமை. பட்டியலில் சேர்த்துவிட்டேன். இருக்கையிடம் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

துருவியில்தான் சிக்கல். துருவியில் விழுவது துருவல். இரும்புக்குப் பக்கத்தில் ‘துரு’ என்று எழுதினால் கண் நேரே துருப்பிடித்த தகட்டுக்கு ஓடிவிடும். ‘சிதைப்பி’ என்று வைத்தால் அடுத்த சொல்லும் எளிதாகிறது. சிதைத்த குவியலிலிருந்து இரும்பைக் காந்தம் இழுத்துக்கொள்கிறது. அலுமினியம் போன்றவற்றைச் சுழல் மின்னோட்டப் பிரிப்பான் தள்ளிவிடுகிறது. அதன்பின் கிடக்கும் நுரைப்பஞ்சு, ரப்பர், நெகிழி, கண்ணாடித் தூள் எல்லாம் ‘சிதைப்பு மிச்சம்’. ‘எச்சம்’ என்றுதான் முதலில் எழுதினேன். பறவைகள் நினைவுக்கு வந்ததால் மாற்றினேன்.

எண்ணெய், பிரேக் திரவம், குளிர்பதன வாயு, மின்கலம் ஆகியவற்றை முதலில் அப்புறப்படுத்தும் வேலைக்கு ‘நச்சகற்றல்’ போதும். அதற்குமேல் அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

ஓய்ந்த மழை பற்றிய உங்கள் ஐயத்துக்கு என்னிடம் நேரான விடை இல்லை. ‘ஓட்டமொழிந்த ஊர்தி’ என்றால் ஐயம் தீரும், நாக்கு தடுமாறும். ஆகவே இப்போதைக்கு ‘ஓய்ந்த ஊர்தி’க்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

புதுக்கிய உதிரி வாங்கும்போது முன்பணம் கட்டி, பழையதைத் திருப்பிக் கொடுத்ததும் பணத்தைத் திரும்பப் பெறுவார்களே, அந்தப் பழையதை ஆங்கிலத்தில் ‘கோர்’ என்கிறார்கள். ‘உள்ளகம்’ என்று ஒருவர் பெயர்த்திருக்கிறார். அதில் உள்ளும் இல்லை, அகமும் இல்லை. ‘ஈட்டுப்பழசு’ எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.