ஆங்கில ஃபிரேசல் வெர்ப் மனதில் நிற்க என்ன வழி?

பிறை அம்மா:
வணக்கம். மகள் படிவம் ஐந்து, இந்த ஆண்டு எஸ்.பி.எம். (மலேசியப் பள்ளி இறுதித் தேர்வு). ஆங்கிலம் ஓரளவு வரும், ஃபிரேசல் வெர்ப் வந்தால் மட்டும் திணறுகிறாள். 'புட்' என்றால் வைப்பது, ஆனால் 'புட் ஆஃப்' தள்ளிப்போடுவது, 'புட் அவுட்' தீயை அணைப்பது, 'புட் அப் வித்' பொறுத்துக்கொள்வது. வைப்பதற்கும் இதற்கும் என்னம்மா சம்பந்தம் என்று கேட்கிறாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. டியூசனில் கொடுத்த பட்டியலை மனப்பாடம் செய்வதும் மறப்பதுமாகவே இருக்கிறாள். புரிந்து படிக்க வழி உண்டா?

செந்தூல் டீச்சர்:
அந்தப் பட்டியலை முதலில் ஓரமாக வையுங்கள் அக்கா. புட், கெட், டேக் என்று வினைச்சொல்லை வைத்து அடுக்கியிருப்பார்கள், குழப்பமே அங்கேதான். பின்னால் வரும் சின்னச் சொல்லைப் பிடிக்கச் சொல்லுங்கள். 'அப்' பல இடங்களில் மிச்சமில்லாமல் முடிவதைக் காட்டும்: 'ஈட் அப்' தட்டைக் காலி செய்வது, 'யூஸ் அப்' முழுக்கத் தீர்ப்பது. 'ஆஃப்' வந்தால் பெரும்பாலும் ஏதோ ஒன்று விலகும்: விமானம் தரையை விட்டுக் கிளம்புவதும் 'டேக் ஆஃப்', சட்டையைக் கழற்றுவதும் 'டேக் ஆஃப்'. எல்லாவற்றுக்கும் பொருந்தாது, 'புட் அப் வித்' மாதிரி சிலவற்றை முழுசாகத்தான் படிக்க வேண்டும்.

ஜார்ஜ்டவுன்காரன்:
டீச்சர் சொல்வது சரி. மகளிடம் நம் 'காட்டிக்கொடு'வை எடுத்துச் சொல்லுங்கள். காட்டுவதும் தெரியும், கொடுப்பதும் தெரியும், சேர்ந்தால் துரோகம். ஆங்கிலத்திலும் ஒருவரைக் காட்டிக்கொடுப்பதை 'கிவ் அவே' என்பார்கள், அங்கேயும் ஒரு 'கொடு' இருக்கிறது பாருங்கள்!

அப்புறம், இங்கே நாம் எல்லாரும் 'ஆஃப் த லைட்', 'ஆன் த ஃபேன்' என்றே பேசிப் பழகிவிட்டோம், வினைச்சொல்லே இருக்காது. மாமாக் கடையில் அது போதும், தேர்வில் 'டர்ன் ஆஃப் த லைட்' என்று எழுத வேண்டும். 'இட்' வந்தால் நடுவில் போகும், 'டர்ன் இட் ஆஃப்'. 'டர்ன் ஆஃப் இட்' தப்பு. ஆனால் 'லுக் ஆஃப்டர்' பிரியாது, 'லுக் ஆஃப்டர் இட்' தான்.

பிறை அம்மா:
ரொம்ப நன்றி, 'காட்டிக்கொடு' சொன்னதும் அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. கட்டுரையில் இவற்றை நிறையப் போட்டால் மார்க் கூடுமா?

செந்தூல் டீச்சர்:
திணிக்க வேண்டாம் அக்கா. நண்பருக்கு எழுதும் மின்னஞ்சலில் 'புட் ஆஃப்' இயல்பாக இருக்கும், அறிக்கை என்றால் 'போஸ்ட்போன்' நல்லது. 2021 முதல் கேட்டலுக்கும் பேச்சுக்கும் தனித் தாள் இருப்பதால் காதும் பழக வேண்டும். 'கால் இட் ஆஃப்' (அதை ரத்து செய்) என்று சொல்லும்போது அழுத்தம் 'ஆஃப்' மேல் விழும், சத்தமாகச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். மழையால் வலைப்பந்துப் பயிற்சி ரத்தானது என்று அவள் அன்றாடத்திலிருந்தே வாக்கியம் அமைக்கட்டும்.